ரெக்கார்டிங்கில் சத்தமே இல்லை, நாளைக்கு நிகழ்ச்சி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ரப்பர்பால்
வணக்கம். போன சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாண விருந்துக்கு டிஜே செட் போட்டேன். டேவானில் (மண்டபத்தில்) சத்தம் அதிரடி, பாட்டிமார்கூட எழுந்து ஆடினார்கள். பென் டிரைவில் ரெக்கார்டும் ஓடியது. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் முணுமுணுப்புதான். காரில் வால்யூமை முழுக்க ஏற்றினாலும் பக்கத்தில் போகிற லோரி சத்தம்தான் கேட்கிறது. பெண் வீட்டார் ரெக்கார்டிங் எங்கே என்று மெசேஜ் மேல் மெசேஜ். நாளை ராத்திரி அதே டேவானில் பிறந்தநாள் நிகழ்ச்சி வேறு. ரெக்கார்டிங் லெவலை எங்கே ஏற்றுவது? அவசரம்.

பாஸ்பாக்ஸ்
என்ன செட், தம்பி? மாடல்? ரெக்கார்டிங் செட்டுக்குள்ளேயே நடந்ததா, இல்லை வெளியே ரெக்கார்டர் மாட்டினீர்களா? லேப்டாப் உண்டா?

லயத்துப்பையன்
பென் டிரைவைப் பாருங்கள் பாஸ். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மலிவுச் சரக்காக இருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது, மாற்றியதும் சரியானது.

மாலைநேரமிக்ஸ்
பென் டிரைவ் சத்தத்தைக் குறைக்காது. மெதுவான டிரைவாக இருந்தால் ரெக்கார்டிங் நடுவில் விட்டுப்போகும், அல்லது பாதியில் நின்றுவிடும். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீராகக் குறைவு என்றால் அது வேறு விஷயம்.

ஒலிச்சித்தர்
மேனுவலைப் படிக்காமல் செட் போடப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நாங்கள் கேசட் டெக்கில் ஊசி ஆடுவதைப் பார்த்தே லெவல் பிடித்தவர்கள். இப்போது டச் ஸ்கிரீனைத் தடவத் தெரிந்தால் டிஜே. கெயின் ஸ்டேஜிங், அதாவது ஒவ்வொரு கட்டத்திலும் லெவலைச் சரியாக வைப்பது, என்றால் என்ன என்று முதலில் தேடிப் படியுங்கள், அப்புறம் கேள்வி கேளுங்கள்.

ரப்பர்பால்
ஆல் இன் ஒன் செட் அண்ணா. ரெண்டு டெக், நடுவில் ஸ்கிரீன். லேப்டாப் இல்லை. செட்டிலேயே ரெக்கார்ட் பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினேன். எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தேன்.

பாஸ்பாக்ஸ்
சரி, மாடலை விடுங்கள். "எல்லாம் சரி" என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. பாட்டு ஓடும்போது சேனல் விளக்கு எது வரை ஏறியது? மாஸ்டர், அதாவது வெளியே போகிற மொத்தச் சத்தத்தின் விளக்கு எது வரை? மாஸ்டர் நாப் எங்கே நின்றது?

ரப்பர்பால்
சேனலில் பச்சை எல்லாம் எரிந்து ஆரஞ்சைத் தொடும். மாஸ்டரில் அடியில் ரெண்டு பச்சை. நாப் கடிகார முள் மாதிரி 9 மணி பக்கம். அதற்கு மேல் திருப்பினால் டேவான் கிழிந்துவிடும், அங்கே உள்ள ஆம்ப்ளிபையர் (ஆம்ப்) அவ்வளவு சத்தம்.

மாலைநேரமிக்ஸ்
இதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். சில செட்டில் ரெக்கார்டிங் மாஸ்டர் நாப்புக்கு முன்னாலேயே எடுக்கப்படும், நாப்பை எங்கே வைத்தாலும் பைல் ஒரே அளவில் இருக்கும். சிலதில் நாப்புக்குப் பின்னால். உங்களுடையது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க மேனுவல்கூட வேண்டாம். பாட்டை ஓடவிட்டு, மாஸ்டரைச் சுத்தமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அரை நிமிஷம் ரெக்கார்ட் பண்ணிப் போட்டுக் கேளுங்கள். பைலில் பாட்டு இருந்தால் அது முன்னால். மௌனம் என்றால் பின்னால், நீங்கள் 9 மணியில் வைத்ததைத்தான் அது அப்படியே எழுதியிருக்கிறது. டேவான் ஆம்ப் எவ்வளவு பெருக்கியது என்று உங்கள் செட்டுக்குத் தெரியாது.

லயத்துப்பையன்
மெனுவில் ரெக்கார்டிங் லெவல் என்று தனியாக ஒன்று இருக்குமே?

மாலைநேரமிக்ஸ்
சிலதில் உண்டு, சிலதில் இல்லை. அதனால்தான் மாடலைக் கேட்கிறோம், அவர் சொல்கிற மாதிரி தெரியவில்லை.

உருமிக்காரன்
இவ்வளவு பாடுபடுவதற்குப் பேசாமல் போனை ஸ்பீக்கர் முன்னால் வைத்துப் பிடிக்கலாம். எங்கள் திருவிழா உருமியை எல்லாம் போனில்தான் எடுக்கிறோம், நன்றாகத்தான் இருக்கிறது.

ஒலிச்சித்தர்
உருமிக்கும் டிஜே செட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் என்ன சொல்வது. போன் தானாகவே லெவலை ஏற்றி இறக்கும். ஒரு பெரிய அடி விழுந்ததும் மொத்தத்தையும் அமுக்கிவிட்டு மெதுவாக மேலே வரும். உங்கள் உருமி ரெக்கார்டிங்கில் அடிக்கு அடி மூச்சு வாங்குகிற மாதிரி கேட்குமே, கவனித்ததே இல்லையா?

உருமிக்காரன்
கவனித்தேன் சித்தரே. அதைக் கேட்டுத்தான் ஊரில் சாமி வருகிறது. உங்கள் பென் டிரைவைக் கேட்டு யாருக்கும் வரவில்லை.

லயத்துப்பையன்
ஹாஹா. ஆனால் பாட்டு பைலையும் பாருங்கள் பாஸ். பழைய 80களின் பாட்டு சத்தம் குறைவாக இருக்கும், இப்போதைய பாட்டு கூரையைத் தொடும். நான் எல்லாவற்றையும் எம்பி3கெயின் என்ற சாப்ட்வேரில் போட்டு 89 டெசிபலுக்கு இறக்கிவிடுவேன், அப்புறம் சேனல் லெவலை மாற்றும் டிரிம் நாப் பக்கம் கை போகவே வேண்டாம்.

ஒலிச்சித்தர்
89 என்பது அந்த சாப்ட்வேர் போட்டுக் கொடுத்த அளவு, வேதவாக்கு இல்லை. அதுவும் ஒன்றரை டெசிபல் படிப்படியாகத்தான் நகரும். எம்பி3யில் வாசிப்பவர்களுக்கு இதெல்லாம் போதும்தான். நான் சுருக்கப்படாத வேவ் பைல் மட்டும்.

லயத்துப்பையன்
வேவ் வாசித்தால் கல்யாணத்தில் வடையா கூடுதலாகப் போடுகிறார்கள்? 320 எம்பி3க்கும் வேவுக்கும் டேவானில், குழந்தைகள் கத்துகிற இடத்தில், யாருக்கு வித்தியாசம் தெரியும்? உங்களைக் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்கச் சொன்னால் தெரியுமா?

ஒலிச்சித்தர்
கண்ணைக் கட்டினாலும் தெரியும். காது இருக்கிறவனுக்குத் தெரியும்.

பாஸ்பாக்ஸ்
சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார் விஷயத்துக்கு வருவோம். தம்பி, பழைய பைலை அழித்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் காப்பாற்றக் கூடியது. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் சாப்ட்வேர் இலவசம், அதில் பைலைத் திறந்தால் சத்தத்தின் அலைப் படம் நடுவில் மெல்லிய கோடாகத் தெரியும். ஆம்ப்ளிபை என்று ஒன்று இருக்கும், உச்சத்தை எவ்வளவு ஏற்றலாம் என்று அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். 20 டெசிபல் என்று வந்தாலும் பயப்படாதீர்கள், பத்து மடங்கு பெருக்குவதுதான். 16 பிட் ரெக்கார்டிங்கில் அடியில் எப்போதும் இருக்கிற இரைச்சல் ஏறத்தாழ மைனஸ் 96இல் கிடக்கும், 20 ஏற்றினால் மைனஸ் 76 ஆகும். மெதுவான பாட்டின் இடைவெளியில் லேசாக இரைச்சல் வரலாம், குத்துப்பாட்டில் யாரும் கேட்கப் போவதில்லை. திரும்ப வராதது எது என்றால் விளக்கு சிவப்பில் எரியும்போது பதிந்தது. அதைத் திறந்தால் மேனேஜர் பங்களா வேலி மாதிரி தலை மட்டமாக வெட்டி நிற்கும், எந்த சாப்ட்வேரும் வெட்டியதை அப்படியே ஒட்டாது. அதனால் நாளைக்கு பயத்தில் எல்லாவற்றையும் சிவப்புக்கு ஏற்றிவிடாதீர்கள். உச்சம் மைனஸ் 6 பக்கம் நின்றால் நல்லது, மிச்சத்தை வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம். அப்படியே யூடியூபில் போடுகிறார்கள் என்றால் ஏற்றிவிட்டே கொடுங்கள். அது மைனஸ் 14 எல்யூஎப்எஸ்க்கு (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) மேல் சத்தமாக இருப்பதை இறக்கும், மெதுவாக இருப்பதை ஏற்றாது.

ரப்பர்பால்
சோதனை பண்ணினேன் அக்கா. மாஸ்டர் பூஜ்யம், ரெக்கார்டிங்கும் பூஜ்யம். ஆனால் நாளைக்கு மாஸ்டரை ஏற்ற முடியாதே? டேவான் ஆம்ப் பின்னால் இரும்புப் பெட்டியில் பூட்டி இருக்கிறது, சாவி அங்கிளிடம், அவர் யாரையும் தொட விட மாட்டார்.

லயத்துப்பையன்
அங்கிளுக்கு ஒரு தே தாரே (இழுத்து ஆற்றிய டீ) வாங்கிக் கொடுங்கள், பெட்டி திறக்கும்.

மாலைநேரமிக்ஸ்
தே தாரே பலிக்கவில்லை என்றால் பூத். உங்கள் செட்டின் பின்னால் மாஸ்டர் அவுட் தவிர பூத் அவுட் என்று, டிஜேயின் பக்கத்து ஸ்பீக்கருக்குப் போகிற இன்னொன்று இருக்கிறதா? அதற்குத் தனி நாப் இருக்கும். டேவானுக்குப் போகிற வயரை மாஸ்டரிலிருந்து பிடுங்கி பூத்தில் மாட்டி, பூத் நாப்பைக் குறைத்து வையுங்கள். மாஸ்டரில் எதுவும் மாட்டாமல் விட்டு, விளக்கைப் பார்த்து மாஸ்டர் நாப்பை ஏற்றிக்கொள்ளுங்கள், ரெக்கார்டிங் அதைத்தான் கேட்கும். வயரின் முனையைப் பாருங்கள், பல செட்டில் மாஸ்டர் எக்ஸ்எல்ஆர் (மூணு முள் உள்ள முனை), பூத் வேறு ஜாக்காக இருக்கும். மாற்று வயர் இல்லாமல் போய் நிற்காதீர்கள், ஈப்போ வரை ஓட முடியாது. வயரை மாற்றும்போது பூத் நாப் முழுக்கக் கீழே இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்பீக்கர் டொம் என்று அடிக்கும், அங்கிள் உங்களை வெளியே அனுப்பிவிடுவார்.

பாஸ்பாக்ஸ்
நல்ல யோசனை. மெனுவில் மாஸ்டர் அட்டெனுவேட்டர் இருந்தால் அதையும் பார்க்கலாம், அவுட்டை 6 அல்லது 12 டெசிபல் குறைக்கும். ரெக்கார்டிங்கையும் சேர்த்துக் குறைக்கிறதா என்பது செட்டுக்கு செட் மாறும், அதே அரை நிமிஷச் சோதனைதான்.

ஒலிச்சித்தர்
பூத்தில் டேவானை ஓட்டுவது முறையல்ல. ஆனால் இவருக்கு இதுதான் கதி.

உருமிக்காரன்
பூத்தில் மைக் வருமா? பிறந்தநாள் என்றால் எம்சி ராத்திரி பூரா பேசுவாரே.

மாலைநேரமிக்ஸ்
அட, நல்ல கேள்வி. சில செட்டில் மைக் பூத்துக்குப் போகாது, போகலாமா வேண்டாமா என்று மெனுவில் இருக்கும். ரப்பர்பால், எம்சி மைக் உங்கள் செட்டில் செருகுவதா, டேவான் மிக்சரில் நேராகவா? டேவானில் என்றால் எந்த நாப்பைத் திருப்பினாலும் உங்கள் ரெக்கார்டிங்கில் எம்சி இருக்க மாட்டார். போன சனிக்கிழமை பைலில் அவர் குரல் இருக்கிறதா?

*(மறுநாள் பின்னிரவு)*

ரப்பர்பால்
பூத் வேலை செய்தது. பைல் சத்தமாக இருக்கிறது. கல்யாண பைலையும் ஏற்றி அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி, தூங்கப் போகிறேன்.

மாலைநேரமிக்ஸ்
சந்தோஷம். மைக்?

லயத்துப்பையன்
பென் டிரைவ் மாற்றினீர்களா?

உருமிக்காரன்
மைக் என்ன ஆனது என்று சொல்லிவிட்டுத் தூங்குங்கள் தம்பி.

கித்தாமரம்
இடையில் வந்ததற்கு மன்னிக்கவும், எனக்கு வேறு கேள்வி. எனக்கு லெவல் எல்லாம் சரி, ஆனால் நீண்ட நிகழ்ச்சி என்றால் ரெக்கார்டிங் ரெண்டு பைலாக உடைகிறது. ஏன்?

பாஸ்பாக்ஸ்
எத்தனை மணி நேரத்தில் உடைகிறது? சாதாரண வேவ் நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி பிடிக்கும். சில கருவிகள் 2 ஜிபி ஆனதும் புதுப் பைல் தொடங்கும், அது மூணேகால் மணி நேரம் தாண்டி வரும். பென் டிரைவ் பேட்32 என்ற பார்மேட்டில் இருந்தால் எப்படியும் ஒரு பைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. ரெண்டையும் ஆடாசிட்டியில் வரிசையாக ஒட்டிவிடலாம். மாடல் என்ன?