தொப்பூர் வழியில் உங்களுக்கு மைலேஜ் எவ்வளவு?

வணக்கம். தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் பெட்ரோல் காரில் அடிக்கடி போய்வருகிறேன். லிட்டருக்கு 20 கி.மீ. என்று சொல்லி விற்றார்கள், கிடைப்பதோ 15. கேட்டால், "ஓட்டுகிற விதம் சார்" என்று பழியை என் தலையில் போடுகிறார்கள்.

அவர்கள் சொல்வது ஏஆர்ஏஐ (வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) மைலேஜ்; அது ஆய்வகத்தில் வண்டியை உருளைகள்மேல் ஓட்டி எடுப்பது. வேகம் 90-ஐத் தாண்டாது, ஏசியும் ஓடாது. அங்கே தொப்பூர் கணவாய் ஏது? திரும்பும்போது லாரிகளுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏற வேண்டியிருக்கிறது. கொஞ்சம் குறைவது நியாயம்தான். கால்பங்கு குறைவதுதான் உறுத்துகிறது.

இதே சாலையில் ஓட்டும் அண்ணன்மாரே, அக்காமாரே, டேங்கை முழுதாக நிரப்பி, மறுபடி நிரப்பிக் கணக்கிட்டால் உங்களுக்கு எவ்வளவு வருகிறது? (டிஸ்ப்ளே காட்டுவது வேண்டாம்.) டயர் காற்று, ஏர் ஃபில்டர் பார்த்தாயிற்று. தருமபுரியில் நம்பகமான மெக்கானிக் இருந்தாலும் சொல்லுங்கள்.