ஃபைனான்ஸ் படிக்க இரண்டு இடத்தில் சீட்: எதை எடுத்தீர்கள், என்ன ஆனது?

இரண்டு பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்துவிட்டது. ஒன்று ஊரறிந்த பேர், பாடம் பொருளாதாரம். இன்னொன்றின் பேரைச் சொன்னால் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் "எங்கே இருக்கு அது?" என்கிறார்கள். ஆனால் அங்கே கணக்கியலும் ஃபைனான்ஸும்தான் முதன்மைப் பாடம். பத்து நாளில் பணம் கட்ட வேண்டும். அறிவுரை வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது. இதே இடத்தில் நின்றவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

*

தம்பி, நான் பேருக்குப் போனவன். கம்பெனிகளுக்கு முதல் திரட்டித் தர்ற இன்வெஸ்ட்மென்ட் பேங்க்கெல்லாம் எல்லாக் கல்லூரிக்கும் வராது. அவங்களே தேடி வந்து ஆள் எடுக்கிற இடத்தை 'டார்கெட்'னு சொல்லுவாங்க. எங்களுடையது டார்கெட். அந்த மிதப்புலயே ரெண்டு வருஷம் ஓடிடுச்சு. வேலை தேடுறது கடைசி வருஷத்து விஷயம்னு நினைச்சிருந்தேன். கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னாடியே விண்ணப்பிக்கணும், அதுல நல்லா செஞ்சவங்களுக்கே நிரந்தர வேலையும் போகும்ங்கிறது ஃபைனான்ஸ் கிளப்புல இருந்தவங்களுக்குத்தான் தெரிஞ்சிருந்தது. நான் முழிச்சுக்கிட்டப்போ மிச்சம் இருந்தது கொஞ்ச இடம்தான்.

அதுல ஒண்ணுக்கு இன்டர்வியூ. "தேய்மானம் 10 கூடினா மூணு நிதி அறிக்கையும் எப்படி மாறும்?" தேய்மானம்னா இயந்திரம் பழசாகப் பழசாக அதோட மதிப்புல கழிக்கிற செலவு. மூணு அறிக்கைன்னா லாப நட்டம், பணப் போக்கு, பேலன்ஸ் ஷீட். இந்தத் துறையில இதைவிடப் பழைய கேள்வி கிடையாது. நான் மூணு வருஷமா பணவீக்கம், வட்டி விகிதம்னு வளைகோடு வரைஞ்சவன். ஒரு கம்பெனியோட பேலன்ஸ் ஷீட்டைக் கையில எடுத்துப் பார்த்ததே இல்லை. வெளியே வந்து, பக்கத்துல காத்துக்கிட்டிருந்த பையன்கிட்ட கேட்டேன். காபி கப்புக்கு அடியில இருந்த டிஷ்யூவை உருவி எழுதிக் காட்டினான். வரி 40 சதவீதம்னா வரியில 4 மிச்சம், லாபம் 6 குறையும். தேய்மானத்துக்குக் கையிலிருந்து பணம் போகலை, அதனால 10-ஐத் திரும்பச் சேர்க்கணும், பணம் 4 கூடும். சொத்துப் பக்கம் இயந்திரத்தோட மதிப்பு 10 கீழே, ரொக்கம் 4 மேலே, மொத்தம் 6 குறைவு. எதிர்ப்பக்கம், கடனும் மூலதனமும் இருக்கிற பக்கம், ஈட்டிய லாபமும் 6 குறைவு. முடிஞ்சது கணக்கு.

அவன் படிச்ச இடத்தோட பேரை அன்னைக்குத்தான் முதல்முறையாக் கேட்டேன். சீனியர் ஒருத்தர் சிபாரிசு பண்ணி உள்ளே வந்திருந்தான். வேலை அவனுக்குத்தான் போச்சு. நான் ஆடிட்ல சேர்ந்து, மூணு வருஷம் கழிச்சு சுத்து வழியா வந்து சேர்ந்தேன். ஆனா அந்தப் பேர் இல்லைன்னா அந்த அறைக்குள்ள என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டாங்க. அதையும் சொல்லணும் இல்லையா.

*

அண்ணா சொன்னதுக்கு நேரெதிர் கதை என்னுது. 'ஃபைனான்ஸ்' என்று பெயர்ப் பலகை இருந்தால் போதும் என்று நம்பியிருந்தேன். அவர்கள் தந்த கையேட்டில் "பெரும்பாலானோருக்கு ஃபைனான்ஸ் வேலை" என்று கொட்டை எழுத்து. என்ன பதவி என்று கேட்டேன், மழுப்பினார்கள். லிங்க்ட்இன்னில் அந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் பழைய மாணவர்கள் பகுதியைத் திறந்து, யார் எங்கே என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று ராத்திரி ஒரு மணி வரை பார்த்தேன். பாதிப் பேர் காப்பீடும் கிரெடிட் கார்டும் விற்கிறார்கள். அது மட்டமான வேலை என்று சொல்லவில்லை, நான் போக நினைத்தது ஈக்விட்டி ரிசர்ச், கம்பெனிப் பங்குகளை ஆராய்ந்து வாங்கலாமா விற்கலாமா என்று சொல்லும் வேலை.

பன்னிரண்டு பேருக்கு எழுதினேன். ஐந்து பேர் பதில் போட்டார்கள். "நல்ல காலேஜா?" என்று கேட்டால் எல்லோரும் நல்ல காலேஜ் என்றுதான் சொல்வார்கள். "உங்கள் பேட்ச்சில் எத்தனை பேர் நீங்கள் செய்யும் இதே வேலையில் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். ஒரு அக்கா கொஞ்ச நேரம் யோசித்து, "நான் மட்டும்தான்" என்றார்.

நேரிலும் போனேன். கையேட்டின் அட்டையிலேயே, சந்தை விவரங்களை உடனுக்குடன் காட்டும் ப்ளூம்பெர்க் டெர்மினல் அறையின் படம். அங்கே பூட்டு. வாட்ச்மேன் சாவிக்கொத்தை முழுதும் போட்டுப் பார்த்துவிட்டு, "யாரும் கேட்டதே இல்லைம்மா" என்றார். இன்னொரு இடத்தை எடுத்தேன்.

*

நஷ்ட அபாயத்தைக் கணக்கிடும் ரிஸ்க் பக்கம் இருக்கிறேன். எனக்குப் பேரும் உதவவில்லை, ஃபைனான்ஸ் துறையும் உதவவில்லை, கணிதத் துறைதான் உதவியது. ஆப்ஷன் (பங்கைக் குறித்த விலைக்குப் பின்னாளில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விலைக்கான பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் 1973-இல் வந்தது, அதன் வேர் வெப்பம் பரவும் சமன்பாட்டில் இருக்கிறது. நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் தெரியாமல் இந்தப் பக்கம் வந்தால் மூச்சு முட்டும். வேறு துறை வகுப்பில் உட்கார விடுவார்களா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

முதலீட்டுத் துறைக்கான சிஎஃப்ஏ தேர்வு பற்றியும் யாராவது சொல்வார்கள். மூன்று நிலை. ஒவ்வொன்றுக்கும் 300 மணி நேரம் படிக்கச் சொல்கிறார்கள். பட்டம் முடிவதற்கு முன்பே முதல் நிலையை எழுதலாம், ஆனால் சார்ட்டர் என்ற சான்று கையில் வர 4,000 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதுவும் குறைந்தது 36 மாதத்தில் பரவியிருக்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் அந்தப் பாடத்தின் பெரும்பகுதியைப் பட்டப் படிப்புக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அது ஒரு வசதி, அவ்வளவே. அதை நம்பி மட்டும் சேராதீர்கள்.

*

கடன் வாங்கிப் படிப்பதாக இருந்தால், படிக்கிற காலத்திலும் வட்டி ஏறுமா என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்டேன்.

*

எல்லோருக்கும் நன்றி. ஊரறிந்த இடத்தில் விசாரித்தேன். கணக்கியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம், ஆனால் இரண்டாம் ஆண்டில், அதுவும் இடம் மிச்சம் இருந்தால். மற்ற இடத்தின் பழைய மாணவர்கள் எட்டுப் பேருக்கு எழுதினேன், ஆறு பேர் பதில் போட்டார்கள். அதில் மூன்று பேர் நான் போக நினைக்கும் வேலையிலேயே இருக்கிறார்கள். நேற்று அங்கே பணம் கட்டிவிட்டேன். அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை.

அண்ணா, டிஷ்யூ கணக்கை வரி 25 சதவீதம் என்று வைத்துப் போட்டேன். லாபம் 7.5 குறைகிறது, பணம் 2.5 கூடுகிறது. சரியா?

*

சரிதான் தம்பி. ஆனா இயந்திரத்து மதிப்பு 10 இறங்குனதை எழுதாம விட்டுட்டீங்க. அங்கதான் பிடிப்பாங்க.