உதவி: 'டீமிலிட்டரைஸ்' என்பதற்குத் தமிழில் எது சரி?

மண்டபம் வாசகர்:
போட்டித் தேர்வு வகுப்புக்கான குறிப்பு நாளை அச்சுக்குப் போகணும். கொரியாவின் 'டீமிலிட்டரைஸ்டு ஸோன்' ஒரு நகலில் 'படை வாபஸ் பகுதி', இன்னொன்றில் 'படைநீக்கப் பகுதி' என்று இருக்கு. எதை வைக்கலாம்? சொல் எங்கிருந்து வந்தது?

பாம்பன் வாசகர்:
இரண்டுமே வேண்டாம். வாபஸ் என்றால் படை கிளம்பித் தன் நாடு திரும்புவது. 1990 மார்ச் 24-ல் இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவு திருகோணமலையில் கப்பலேறியதே, அது வாபஸ். விட்டுப் போன இடத்தில் இனி ஆயுதம் கூடாது என்ற தடை அந்தச் சொல்லுக்குள் கிடையாது. அதே ஜூனில் அங்கே மறுபடி சண்டை மூண்டு, அகதிகள் நம்ம கரைக்குத்தான் வந்து இறங்கினாங்க. டீமிலிட்டரைஸ் இடத்துக்கு விதிக்கும் தடை: படை, அரண், பாசறை எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

'படைநீக்கம்' பணிநீக்கம் மாதிரி ஒலிக்குது. சிப்பாயை வேலையை விட்டு அனுப்பியதாகப் பிள்ளைகள் எழுதிடுவாங்க. செயலுக்கு 'இராணுவமய நீக்கம்', இடத்துக்கு 'இராணுவமற்ற பகுதி' வைங்க.

தொண்டி வாசகர்:
மூலம்: லத்தீனில் 'மீலெஸ்' போர்வீரன், 'மிலிட்டாரிஸ்' படை சார்ந்தது. முன்னால் நிற்கும் 'டி' விலக்கலைக் காட்டும் ஒட்டு. 19-ஆம் நூற்றாண்டுச் சொல். நல்ல உதாரணம் 1919 வெர்சாய் உடன்படிக்கை: ரைன் ஆற்றின் மேற்குக் கரை முழுக்க, கிழக்கே 50 கி.மீ. வரை ஜெர்மனி படையோ கோட்டையோ வைக்கக் கூடாது. 1936 மார்ச் 7-ல் ஹிட்லர் படையை உள்ளே அனுப்பி அதை மீறினார். நாம சொல்ற 'வாபஸ்' பாரசீகம், இந்துஸ்தானி வழியா வந்தது.

மண்டபம் வாசகர்:
நன்றிங்க. 'டீமொபிலைஸ்' இதே பொருள்தானா?

பாம்பன் வாசகர்:
இல்லைங்க. போர் முடிந்ததும் வீரர்களைச் சீருடை கழற்றி வீட்டுக்கு அனுப்புவது அது, 'படைக்கலைப்பு' பொருந்தும். துப்பாக்கியை வாங்கி வைப்பது 'ஆயுதக் களைவு'.

கொரியா வரியை இப்படி வைங்க: '1953 ஜூலை 27 போர்நிறுத்த ஒப்பந்தப்படி அமைந்த இராணுவமற்ற பகுதி, எல்லைக்கோட்டின் இருபுறமும் 2 கி.மீ., நீளம் சுமார் 250 கி.மீ.' 38-ஆவது அட்சரேகை என்று எழுதிடாதீங்க, கோடு அதைச் சாய்வாக வெட்டிப் போகுது. 'அமைதிப் பகுதி' என்றும் வேண்டாம். அதன் இரு விளிம்பிலும் பெரும்படை நிற்குது.