புது டிவியில் உதடு அசையும் முன்பே பேச்சு கேட்கிறது – உதவி தேவை

கேள்வி:
செட்டாப் பாக்ஸிலிருந்து படம் எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகிறது. ஒலி மட்டும் பாக்ஸிலிருந்தே ஆப்டிகல் கேபிளில் பழைய ஹோம் தியேட்டருக்குப் போகிறது. டிவியை மாற்றியதிலிருந்து எல்லா சேனலிலும் குரல் முந்துகிறது. அம்மாவுக்குக் காது மந்தம்; உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்வார். இப்போது செய்தி பார்ப்பதையே விட்டுவிட்டார். டிவியில் கோளாறா?

பதில் 1:
கோளாறு இல்லை ஐயா. அசைவு வழுவழுப்பாகத் தெரிவதற்காக டிவி இரண்டு பிரேம்களுக்கு (அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்களுக்கு) நடுவே புதிய பிரேமை உருவாக்குகிறது. அதற்கு அடுத்த பிரேம் வரும்வரை காத்திருந்தாக வேண்டும். நம் ஒளிபரப்பில் வினாடிக்கு 25 பிரேம். ஒன்றுக்கு 40 மில்லி வினாடி. மூன்று பிரேம் தங்கினால் 120 ஆகிவிடும். ஒலியோ டிவிக்குள் நுழையாமலே ஹோம் தியேட்டரை அடைந்துவிடுகிறது.

ஒலி முந்துவதுதான் அதிகம் உறுத்தும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரைப்படி, ஒலி சுமார் 45 மில்லி வினாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம். பிந்தினால் சுமார் 125 வரை தெரியாது.

முதலில் பட அமைப்பில் அசைவுச் சீராக்கத்தை அணையுங்கள். மிச்சம் இருந்தால் ஹோம் தியேட்டரில் ஒலியைத் தாமதப்படுத்தும் ‘ஆடியோ டிலே’யைப் பத்துப் பத்து மில்லி வினாடியாகக் கூட்டுங்கள். செய்தி வாசிப்பவர் ‘ப’, ‘ம’ சொல்லும்போது பாருங்கள். உதடு ஒட்டிப் பிரியும் கணத்தில் ஒலி வர வேண்டும்.

பதில் 2:
என் வீட்டில் நேர்மாறு. ப்ளூடூத் ஸ்பீக்கரில் குரல் பிந்துகிறது. டிலேயைக் கூட்டினால் இன்னும் மோசம்.

பதில் 1:
கூடத்தான் செய்யும். அந்த அமைப்பு ஒலியைப் பிடித்து நிறுத்தும், முன்னே தள்ளாது. முதலில் டிலேயைப் பூஜ்யத்தில் வையுங்கள். ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்கே 100 முதல் 200 மில்லி வினாடிவரை போய்விடலாம். கம்பி இணைப்புக்கு மாறுங்கள். ஒரே ஒரு சேனலில் மட்டும் என்றால் வீட்டில் எதையும் தொடாதீர்கள். பிழை ஒளிபரப்பிலோ கேபிள் நிலையத்திலோ இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
அசைவுச் சீராக்கத்தை அணைத்ததும் வெகுவாகக் குறைந்தது, ஆனால் முழுதாகத் தீரவில்லை. என் ஹோம் தியேட்டரில் டிலே அமைப்பே கிடையாதே?

பதில் 1:
அப்படியானால் ஆப்டிகல் கேபிளைப் பாக்ஸிலிருந்து கழற்றி டிவியின் ஒலி வெளியீட்டில் செருகுங்கள். பெரும்பாலான டிவிகள் தம் படத் தாமதத்துக்கு ஏற்ப ஒலியையும் நிறுத்தித்தான் அனுப்பும். சில டிவிகள் அந்த வழியில் ஸ்டீரியோ மட்டுமே தரும். அம்மாவுக்குச் செய்தி கேட்க அது தாராளம்.