அரசிடம் தூங்கும் பணம்: அப்பா பெயரிலும் தேடிப் பார்த்தீர்களா?

கும்பகோணத்தான்:

என் அப்பா சென்னையைத் தாண்டிப் போனதில்லை. பாஸ்போர்ட்டே எடுக்காதவர். கேட்பாரற்றுக் கிடக்கும் பணத்தைத் தேடும் அரசுத் தளத்தில், அவர் பெயரில் கலிபோர்னியா அரசிடம் பணம் இருக்கிறது என்று பார்த்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பெயருக்குக் கீழே முகவரி, சன்னிவேலில் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து தங்கியிருந்த அப்பார்ட்மென்ட்.

விஷயம் இதுதான். நமக்கு ஏது லாஸ்ட் நேம்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் ஏறிவிடுகிறது. பழைய கம்பெனியின் சம்பளக் கணக்கில் அது முன்னால் வந்து, என் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. நான் ஊர் மாறிய பிறகு அனுப்பிய கடைசிச் சம்பளக் காசோலை யார் கையிலும் சேரவில்லை. கலிபோர்னியாவில் சம்பளப் பாக்கி ஒரு வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தால் மாநில அரசின் நிதிக் கணக்கைப் பார்க்கும் கன்ட்ரோலர் அலுவலகத்துக்குப் போய்விடும். வங்கிக் கணக்கு மாதிரியானவற்றுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷம்.

என் பெயரைப் போட்டால் எதுவும் வரவில்லை. அப்பா பெயரை மட்டும் போட்டதில் வந்தது. அமெரிக்க அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் பொருந்தியது. பெயர்க் குழப்பத்துக்கு இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை நகல் எடுத்து வைத்தேன், அதில்தான் அப்பா பெயர் தனியாக அச்சாகி இருக்கிறதே. கூடவே இரண்டு வரி விளக்கம். பணம் வந்துவிட்டது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். “எம் பேர்ல எதுக்குடா அமெரிக்காக்காரன் பணம் வெச்சிருக்கான்? எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதே” என்று பதறிவிட்டார். இன்னும் நம்பவில்லை. உங்களில் யாருக்காவது இப்படிப் பெயர் மாறிக் கிடைத்ததா?

பிளேனோவாசி:

எனக்கு அப்பா பெயர்கூட இல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் என்பதால் விசாவில் முதல் பெயருக்கு எஃப்என்யூ என்று போட்டுவிட்டார்கள். முதல் பெயர் தெரியாது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சுருக்கம். மின்சார இணைப்புக்குக் கட்டிய டெபாசிட் அந்தப் பெயரில் டெக்சஸ் மாநிலத்தின் நிதி அதிகாரியான கம்ப்ட்ரோலரிடம் இருந்தது.

தொகை சின்னதுதான். மனசில் நிற்பது அந்தப் பட்டியல். முதல் பெயரில் எஃப்என்யூ என்று போட்டுத் தேடினேன், வரிசையாக ஒற்றைப் பெயர்க்காரர்கள். நம் ஊர்ப் பெயர்கள், ஆப்கானியப் பெயர்கள், இந்தோனேசியப் பெயர்கள். இதில் எத்தனை பேருக்குத் தங்கள் பணம் இங்கே இருப்பது தெரியும்? தெரிந்த ஊர்ப் பெயராக இருந்தவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். ஏமாற்றுக்காரி என்று நினைத்து பிளாக் செய்துவிட்டார்.

பழைய முகவரிக்கு ஆதாரம் கேட்டார்கள். வாடகை ஒப்பந்தம் எதுவும் கையில் இல்லை. நம் கடன் வரலாற்றைச் சொல்லும் கிரெடிட் ரிப்போர்ட்டில் நாம் முன்பு இருந்த முகவரிகள் வரும், அதை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

மணிமுத்தாறு:

உங்களுக்கெல்லாம் பணமாக இருந்தது, பணமாகவே வந்தது. எனக்குப் போனது பங்கு.

முதல் வேலையில் ஊழியர்களுக்குக் கொடுத்த பங்குகள். எந்தக் கம்பெனி, எந்த மாநிலம் என்று சொல்ல விரும்பவில்லை. பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது எடுக்கலாம் என்று தொடாமலே வைத்திருந்தேன். தொடாததுதான் குற்றமாம். உரிமையாளரைக் காணோம் என்று அரசிடம் கொடுத்து, அரசு அதை விற்றும்விட்டது. எனக்கு வந்த தாளில் விற்ற விலை மட்டும் ஒரு வரியில் இருந்தது. தாள் வந்த அன்றைய சந்தை விலையைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வீட்டில் யாரோடும் அன்று பேச முடியவில்லை.

முகவரி தெரியாமல் இல்லை. வரி கட்டச் சொல்லி அதே அரசு வருஷாவருஷம் என் வீட்டுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. பணத்தைத் திருப்பித் தர மட்டும் ஆளைக் காணோமா? இதை நான் திருட்டு என்றுதான் சொல்வேன்.

கணக்குப்பிள்ளை:

மணிமுத்தாறு சார், உங்கள் வலி புரிகிறது, ஆனால் திருட்டு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என் கதை சின்னது: நியூயார்க்கில் ஒரு காப்பீட்டுப் பாக்கி, கேட்டேன், கொடுத்தார்கள். கேட்பாரற்ற பணத்தை அரசு எடுத்து வைக்கும் இந்தச் சட்டத்தைப் பற்றி நம் ஆட்கள் நடுவில் தப்பான பேச்சு நிறைய ஓடுகிறது, அதனால் கொஞ்சம் எழுதுகிறேன்.

பணம் அரசுக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. காவலில் இருக்கிறது, அவ்வளவுதான். நியூயார்க், கலிபோர்னியா இரண்டிலும் எத்தனை வருஷம் கழித்தும் கேட்கலாம், வாரிசும் கேட்கலாம். இந்தச் சட்டம் இல்லாவிட்டால் அந்தப் பணம் கம்பெனியின் பெட்டியிலேயே தங்கிவிடும். எந்த வங்கி உங்களைத் தேடி வந்து கொடுத்திருக்கிறது?

பங்கு விஷயம் மட்டும் கொடுமைதான். கலிபோர்னியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிகள் கணக்கு ஒப்படைக்க வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 18 முதல் 20 மாதத்துக்குள் பங்குகளை விற்றுவிட வேண்டும் என்பது சட்டம். அப்புறம் விலை எவ்வளவு ஏறினாலும் விற்ற தொகைதான் கிடைக்கும். இதற்கு முன்னறிவிப்பு போதாது என்று வழக்குப் போட்டார்கள். 2007-இல் நீதிமன்றம் தடை போட்டு, சட்டத்தைத் திருத்திய பிறகுதான் எடுப்பதற்கு முன்பே மாநில அரசு உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பும் வழக்கம் வந்தது. அந்தக் கடிதம் விளம்பரத் தாள் மாதிரி இருக்கும், குப்பையில் போடாதீர்கள். பங்கு வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கணக்குக்குள் போய் வாருங்கள், முகவரியைப் புதுப்பியுங்கள், டிவிடெண்ட் காசோலை வந்தால் மாற்றுங்கள்.

எந்த மாநிலத்தில் தேடுவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1965-இல் உச்ச நீதிமன்றம் டெக்சஸ், நியூஜெர்சி வழக்கில் சொன்னதுதான் இன்றும் அடிப்படை: கம்பெனியிடம் இருக்கும் உங்கள் கடைசி முகவரி எந்த மாநிலமோ, பணம் அங்கே. முகவரியே இல்லை என்றால் கம்பெனி பதிவான மாநிலத்துக்கு. பங்குச் சந்தையில் இருக்கும் அமெரிக்கக் கம்பெனிகளில் பாதிக்கு மேல் டெலவேரில்தான் பதிவு, அதனால் கால் வைக்காத டெலவேரிலும் தேடுங்கள். மிஸ்ஸிங்மணி தளத்தில் பல மாநிலங்களைச் சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் மாநிலத்தின் சொந்தத் தளத்தையும் தனியாகப் பாருங்கள். தேடவும் கேட்கவும் கட்டணம் கிடையாது.

பணம் இருக்கிறது, எடுத்துத் தருகிறோம் என்று கடிதம் போடும் ஏஜென்ட்டுகளிடம் போகவே போகாதீர்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குத் தரகு?

எடிசன் அக்கா:

கணக்குப்பிள்ளை தம்பி, நான் அப்படி ஓர் ஏஜென்ட்டிடம் போனவள்தான், அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

என் மாமனாரின் தம்பி கல்யாணம் செய்துகொள்ளாதவர், இங்கேயே வேலை பார்த்து இங்கேயே போய்விட்டார். வாரிசு என்று பார்த்தால் உடன்பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும், காரைக்குடியிலிருந்து கோலாலம்பூர் வரை. ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தையே இல்லாத குடும்பம். அப்படி ஒரு பணம் இருப்பதே அந்த ஏஜென்ட்டின் கடிதம் வந்துதான் தெரிந்தது. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், தமிழில் இருந்ததற்கெல்லாம் மொழிபெயர்ப்பு, எல்லாவற்றையும் அவர்தான் கோர்த்தார்.

பணம் பிரித்த அன்று இரண்டு சித்தப்பாக்களை ஒரே வீடியோ அழைப்பில் உட்கார வைத்தோம். பெரியவர் “சாப்பிட்டியா” என்றார். சின்னவர் கேமராவை அணைத்துவிட்டார். பணம் கைக்கு வந்ததைவிட அந்த இருட்டுக் கட்டம்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

அக்கா, உங்கள் விஷயம் வேறு, வாரிசுச் சிக்கல். அப்படியும் சதவீதத்தைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கச் சட்டமே இடம் கொடுக்காது. முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

சிறுவாணிக்காரன்:

நான் கோவைக்குத் திரும்பி வந்துவிட்டேன். அங்கே விட்டுவிட்டு வந்த வங்கிக் கணக்கு அரசிடம் போயிருந்தது. படிவத்தில் நோட்டரி கேட்டார்கள். சென்னை ஜெமினி பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கிப் போனேன். ஒரு முத்திரைக்கு 50 டாலர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி வலது கையைத் தூக்கச் சொன்னார். விசாவுக்கு வந்த கூட்டம் அத்தனையும் பார்க்க, என் பணம் என்னுடையதுதான் என்று சத்தியம் செய்தேன். அந்த நிமிஷம் கூசிப்போனது இன்னும் போகவில்லை.

இப்போது காசோலை வந்துவிட்டது, டாலரில். எங்கள் வங்கிக் கிளையில் வெளிநாட்டுக் காசோலை வாங்குவதில்லை என்று கை விரித்துவிட்டார்கள். அமெரிக்காவில் எனக்கு இருந்த ஒரே கணக்கு அதுதான். தாளில் காலாவதித் தேதி வேறு அச்சாகியிருக்கிறது. யாராவது வழி சொல்லுங்களேன்.

நெல்லைக்காரி:

இந்தியாவிலும் இப்படிப் பணம் கிடக்கிறது, அதையும் பாருங்கள். வங்கியில் 10 வருஷம் கேட்பாரற்ற டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். 2023-இல் வந்த உத்கம் தளத்தில் பல வங்கிகளைச் சேர்த்துத் தேடலாம். பாட்டியின் வைப்புத்தொகை அப்படித்தான் கிடைத்தது. ஆனால் கேட்க வேண்டியது வங்கிக் கிளையில்தான், தளத்தில் இல்லை.

பிளேனோவாசி:

சிறுவாணி அண்ணா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. காலாவதியானாலும் பணம் போய்விடாது, திரும்ப அரசுக் கணக்கில்தான் இருக்கும், புதிய காசோலை கேட்கலாம். என் நாத்தனாருக்கு அப்படித்தான் ஆனது. அதற்கு முன் வேறு வங்கிகளின் வெளிநாட்டுப் பரிவர்த்தனை நடக்கும் பெரிய கிளைகளில் கேட்டுப் பாருங்கள், டாலர் காசோலையை வசூலுக்கு எடுக்கிறார்களா, எவ்வளவு பிடிப்பார்கள் என்று. எங்கும் எடுக்கவில்லை என்றால் கிளைம் எண்ணைக் குறிப்பிட்டு அந்த மாநில அலுவலகத்துக்கே எழுதுங்கள். வேறு யார் பெயருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.