ஒன்பது இன்ச்சா, ஒன்பதுக்கு மேலயா? டேபிளில் வந்த விதிச் சண்டைகள்

டர்பன்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மாமா வீட்டு கராஜில் சனிக்கிழமைதோறும் வார்ஹாமர் 40,000 ஆடுகிறோம். சின்னச் சின்ன பொம்மைப் படைகளை டேபிளில் வைத்து, டேப்பால் அளந்து, பகடை உருட்டி ஆடும் போர் ஆட்டம். ஆறேழு பேர். நான் மதுரையிலிருந்து வேலைக்கு வந்தவன், மற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். மூன்று மணி நேரம் சிரித்துப் பேசி ஆடுகிறவர்கள் ஒரு விதியில் முட்டிக்கொண்டால் போதும், அடுத்த வாரம் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அப்படி ஒரு தம்பியை நான் இழக்கப் பார்த்தேன்.

2023இல் பத்தாம் பதிப்பு வந்த புதிது. அவன் டீப் ஸ்ட்ரைக்கில், அதாவது ஆட்டத்தின் நடுவே வெளியிலிருந்து, ஐந்து பேரை டேபிளில் இறக்கினான். அந்தப் பதிப்பின் விதிப்படி, அப்படி இறங்குகிற படை எதிரியின் எந்த மினியேச்சரிடமிருந்தும் 9 இன்ச்சுக்கு மேல் தள்ளித்தான் நிற்க வேண்டும். அப்புறம் சார்ஜ் போக, அதாவது எதிரி மேல் பாய்ந்து மோத, இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டினால் எவ்வளவு வருகிறதோ அத்தனை இன்ச் ஓடலாம். எதிரிக்கு 1 இன்ச் தூரத்துக்குள் போய்விட்டால் சேர்ந்ததாகக் கணக்கு. ஆக, சரியாக 9 இன்ச்சில் நின்றால் 8 விழுந்தாலே போதும். மயிரிழை தள்ளி நின்றால் 9 விழ வேண்டும். இரண்டு பகடை விழக்கூடிய 36 விதங்களில் 8 அல்லது அதற்கு மேல் வருவது 15. 9 அல்லது அதற்கு மேல் வருவது 10தான். அந்த மயிரிழைக்கு அவ்வளவு மதிப்பு.

அவனுக்கு விழுந்தது 5, 3.

"அண்ணா, சேர்ந்துட்டேன்."

"எப்படிடா? ஒன்பதுக்கு மேலதானே வச்சிருக்கணும்?"

டேப்பை நீட்டினோம். ஒரு முனை அவன் ஆளின் பேஸ் (பொம்மை நிற்கும் அடித்தட்டு) விளிம்பில் இருந்தது. 9 என்ற கோடு என் ஆளின் பேஸை ஒட்டி நின்றது, துளி இடைவெளி இல்லை. அப்படியானால் நீ இறக்கியதே தப்பு என்றேன். தான் சரியாகத்தான் இறக்கியதாகவும், பகடை உருண்டு வந்து இடித்து நகர்ந்திருக்கும் என்றும், இப்போது நிற்கிற இடத்திலிருந்துதானே அளக்க வேண்டும் என்றும் அவன் சொன்னான். குரல் ஏறியது. "அழுகுணி ஆட்டம் ஆடாதே" என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தன் ஆட்களை ஒவ்வொருவராக எடுத்து ஸ்பாஞ்சுப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தான்.

மாமா ஓய்வு பெற்ற ஆசிரியர். இந்த ஆட்டம் அவருக்குத் தெரியாது, இங்குள்ள இந்தியர்கள் ஆடும் துனி சீட்டு நன்றாகத் தெரியும். துனியில் எதிராளி அதே இனச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே வேறு போட்டான் என்று தோன்றினால் ஃபோர் பால் என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்தலாம். நிரூபித்தால் நாலு பால், அதாவது நாலு புள்ளி, உனக்கு. பழி பொய்யானால் அதே நாலு அவனுக்கு. மாமா முதலில் என்னைத்தான் கேட்டார்.

"நீ நிறுத்தினது சரி. நிரூபிக்க என்ன வச்சிருக்கே?"

ஒன்றுமில்லை. அவன் இறக்கியபோது நான் போனில் இருந்தேன். அப்புறம் அவன் பக்கம் திரும்பினார்.

"வைக்கும்போது ஒன்பதுக்கு மேலதான் வச்சியா?"

"ஆமா மாமா, அளந்துதான் வச்சேன்."

"அப்போ இடிபட்டு நகர்ந்ததை ஏன் கணக்குல எடுக்கணும்? நீ வச்ச இடத்துலேர்ந்து எட்டு போதாதே."

அவன் கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்தான். "ஆமா, போதாது" என்றான். சார்ஜ் பலிக்கவில்லை என்று முடிவானது. பழி சொன்னதற்கு எல்லார் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்டேன். பெட்டிக்குள் போன ஆட்கள் திரும்ப டேபிளுக்கு வந்தார்கள்.

அன்று முதல் எங்கள் கராஜில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறோம். "ஒன்பதுக்கு மேல, சரியா?" "சரி." அந்தச் சுவருக்குப் பின்னால் உன் டாங்க் கண்ணில் படாமல் ஒளிகிறேன், ஒத்துக்கொள்கிறாயா? சரி. அதற்குப் பிறகு யார் கை தட்டினாலும் ஒத்துக்கொண்டதுதான் நிற்கும். எல்லாமே பகடை உருளுவதற்கு முன்னால் நடக்க வேண்டும், இது ரொம்ப முக்கியம். உருண்ட பிறகு வருகிற சந்தேகத்தில் ஆளுக்கு ஆள் ஆதாயம் கலந்துவிடுகிறது.

ஒத்துப்போக முடியாவிட்டால் ஆளுக்கொரு பகடை உருட்டி முடிவு செய்யலாம் என்று விதியே சொல்கிறது, தெரியும். எடுத்த எடுப்பில் அதற்குப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. புத்தகம் தெளிவாக இல்லை என்று சொல்லும் இடத்தில் பாதி வாய்ப்பு கிடைக்கும் என்பதற்காகவே வாதம் கிளப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று நிமிடம் புத்தகத்தில் தேடு, கிடைக்கவில்லையா, அப்புறம் உருட்டு. அந்த முடிவு அன்றைய ஆட்டத்துக்கு மட்டும்தான்.

லெனேசியா

நீங்கள் எழுதியதைப் படித்தேன் அண்ணா. நானும் என் தம்பியும் ஆடுவது போல்ட் ஆக்‌ஷன், இரண்டாம் உலகப் போர். எங்களுக்குத் தகராறு எப்போதும் தெரிகிறதா, தெரியவில்லையா என்பதில்தான். அவனுடைய சிப்பாய் இடிந்த சுவருக்குப் பின்னால் இருப்பான். நான் குனிந்து பார்த்தால் தெரிவான், தம்பி குனிந்து பார்த்தால் தெரியமாட்டான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வேண்டியதைத்தான் பார்த்தோம்.

2023இல் ஒரு ராத்திரி லோட்ஷெடிங். வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. போன் டார்ச்சை என் துப்பாக்கிக்காரனின் தலைக்கு நேராக, அதே உயரத்தில் பிடித்தேன். சுவரின் நிழல் அந்தச் சிப்பாய் மேல் இடுப்பு வரை ஏறி நின்றது. ஹெல்மெட்டிலும் தோளிலும் வெளிச்சம். தம்பியே சொன்னான், "தெரியுது அக்கா, ஆனா மறைவுல இருக்கான்." சுடலாம், ஆனால் குறி வைப்பது கடினம். விதியும் அதைத்தான் சொல்கிறது. இப்போது கரண்ட் இருந்தாலும் இந்தத் தகராறு வந்தால் விளக்கை அணைத்துவிடுகிறோம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

எங்கள் ஊர் ஆட்டங்களில் பெரும்பாலும் நான்தான் நடுவர். இந்த வேலை பழையது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரிகளுக்காக ரைஸ்விட்ஸ் அமைத்த போர் ஆட்டமான கிரீக்‌ஷ்பீலிலேயே நடுவர் உண்டு. விதிகளும் பகடையும் கூடிப்போய் ஆட்டம் நகராமல் நின்றதால், 1876இல் ஜெர்மன் படை அதிகாரி வெர்டி து வெர்னுவா அவற்றை ஒதுக்கிவிட்டு நடுவரின் அனுபவத்தை நம்பினார். அந்த அளவுக்கு என்னை யாரும் நம்ப வேண்டாம்.

நான் செய்வது ஒன்றே ஒன்று. எந்தப் படை யாருடையது என்று சொல்லாமல் கேள்வியை மட்டும் கேளுங்கள் என்பேன். "இவன் என் டாங்க்கைச் சுடலாம்ங்கிறான்" என்று ஆரம்பித்தால் நிறுத்திவிடுவேன். "ஒரு டாங்க், பாதி காட்டுக்குள்ளே, சுடலாமா?" இப்படிக் கேட்டால் பதில் சொல்வேன். அப்படியிருந்தும் போன மாதம் தப்பாகச் சொல்லிவிட்டேன். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு பேருக்கும் போன் செய்து சொன்னேன். ஜெயித்தவர் ஒன்றும் சொல்லவில்லை. தோற்றவர் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. இதற்கு என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டர்பன்

அவரை இன்னொரு ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள், எதிரில் நீங்களே உட்காருங்கள். எங்கள் தம்பியோடு அப்படித்தான் செய்தேன். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் டீப் ஸ்ட்ரைக். அவன் ஆளைக் கையில் பிடித்தபடி, டேபிளில் வைக்காமல், நான் டேப்பை எடுக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான்.