ஃபிரிட்ஜில் வைத்தும் தூண்டில் புழு கூடாகிறது

இங்கிலாந்து, டிரென்ட் ஆறு, தூண்டிலில் ரோச் என்ற நன்னீர் மீன். இரை நீல ஈயின் புழு. இதை இங்கே பழைய ஆட்கள் ஜென்டில்ஸ் என்பார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) வாங்கினால் வெள்ளிக்குள் பாதி சிவந்து கூடாகிவிடுகிறது. கூடும் நல்ல இரைதான், ஆனால் கறுத்துவிட்டால் மிதக்கும், மீன்களைக் கூட்ட நீரில் வீசும் இரைக்கு உதவாது.

சலித்து, பழைய மரத்தூளை நீக்கி, உலர்ந்த மக்காச்சோள மாவு போட்டாயிற்று. மூடியில் துளைகள் உண்டு. ஈரமில்லை, அம்மோனியா நாற்றமில்லை, ஏறி ஓடவும் இல்லை. மஞ்சள்தூள் கலந்ததில் மணம்தான் மாறியது. ஃபிரிட்ஜ் 3 டிகிரி; ஆழமான டப்பா என்பதால் புழுக்கள் நெளிந்து நெளிந்து குவியலின் நடுவில் 9 டிகிரி. வாங்கும்போதே பலவற்றில் தீனிப்பையின் கரும்புள்ளி (உண்ட தீனி உடலின் வழியே தெரிவது) மங்கல்.

தட்டையான தட்டில் ஓரங்குல ஆழத்துக்குப் பரப்பினால் ஒரு வாரம் தாங்குமா, அல்லது புள்ளி மங்கிய சரக்கை எந்தக் குளிரும் நிறுத்தாதா?